டெஃப் லெப்பர்டின் ‘ஹை அண்ட் டிரை’ (1981): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெஃப் லெப்பர்ட் என்றதும் எல்லோரும் ‘பைரோமேனியா’வையும் ‘ஹிஸ்டீரியா’வையும்தான் எடுப்பார்கள். அவற்றுக்கு முன்னால் வந்த, எங்கள் பார்வையில் போதிய கவனம் கிடைக்காத இரண்டாவது ஆல்பத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அடிப்படைக் கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

இது எந்த ஆல்பம்? யார் யார் வாசித்தது?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்து பேண்டான டெஃப் லெப்பர்ட் 1981 ஜூலையில் வெளியிட்ட ஆல்பம். பாடியவர் ஜோ எலியட். கிட்டார் இரண்டு பேர்: ஸ்டீவ் கிளார்க், பீட் வில்லிஸ். பேஸ் ரிக் சாவேஜ், டிரம்ஸ் ரிக் ஆலன். பதிவின்போது ஆலனுக்கு வயது 17. லண்டன் வில்லெஸ்டனில் இருந்த பேட்டரி ஸ்டுடியோவில் 1981 மார்ச் முதல் ஜூன் வரை பதிவானது. பிரிட்டனில் வெர்ட்டிகோ, அமெரிக்காவில் மெர்க்குரி வெளியிட்டன.

மொத்தம் பத்து டிராக், 42 நிமிடத்துக்குச் சற்று மேல். எல்பியின் முதல் பக்கத்தில் ‘லெட் இட் கோ’, ‘அனதர் ஹிட் அண்ட் ரன்’, ‘ஹை அண்ட் டிரை (சாட்டர்டே நைட்)’, ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’, ‘ஸ்விட்ச் 625’. இரண்டாம் பக்கத்தில் ‘யூ காட் மீ ரன்னிங்’, ‘லேடி ஸ்ட்ரேஞ்ச்’, ‘ஆன் த்ரூ த நைட்’, ‘மிரர், மிரர்’, ‘நோ நோ நோ’.

அரீனா ராக்னா என்ன? இதை அந்தக் கணக்கில் சேர்க்கலாமா?

பத்தாயிரம், இருபதாயிரம் பேர் உட்காரும் விளையாட்டு அரங்குகளை மனதில் வைத்துச் செய்த ராக் இசை என்று எடுத்துக்கொள்ளுங்கள். கூட்டம் முழுக்கச் சேர்ந்து பாடும்படியான கோரஸ், பெரிய டிரம்ஸ் ஒலி, நடுநடுவே ஒரு மெதுவான காதல் பாட்டு. 1981 அதன் உச்ச வருடங்களில் ஒன்று. ஜர்னி பேண்டின் ‘எஸ்கேப்’, ஃபாரினர் பேண்டின் ‘4’ இரண்டும் அந்த ஜூலையிலேயே வந்தன. ஃபாரினர் ஆல்பம் மட்டும் அமெரிக்கப் பட்டியலில் பத்து வாரம் முதலிடத்தில் இருந்தது.

‘ஹை அண்ட் டிரை’ அந்த வாசலில் கால் வைத்த ஆல்பம். ஷெஃபீல்டு பையன்கள் பிரிட்டனின் புதிய ஹெவி மெட்டல் அலையோடு வந்தவர்கள். வேகமும் முரட்டுத்தனமும் அங்கிருந்து வந்தவை. அரங்கத்துக்கான கட்டுக்கோப்பு இந்த ஆல்பத்தில்தான் சேர்ந்தது. இரண்டும் சம எடையில் நிற்பது இந்த ஒரு இடத்தில் மட்டும். அடுத்த ஆல்பத்திலேயே தராசு சாய்ந்துவிடுகிறது.

“கவனிக்கப்படாத ஆல்பம்”னு சொல்றீங்க, ஆனா பிளாட்டினம் வாங்கியிருக்கே?

இருபது லட்சம் பிரதிகளுக்கான இரட்டைப் பிளாட்டினம் சான்று அமெரிக்காவில் கிடைத்திருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த விற்பனையில் பெரும்பங்கு பின்னால் வந்தது. வெளியானபோது அமெரிக்கப் பட்டியலில் 38-ஆம் இடம், பிரிட்டனில் 26-ஆம் இடம் வரைதான் போனது. 1981 ஆகஸ்ட் 1-ஆம் தேதி தொடங்கிய இசை வீடியோ சேனலான எம்டிவி, ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ வீடியோவை விடாமல் போட்ட பிறகு பலர் ஆல்பத்தைத் தேடினார்கள். 1983 ஜனவரியில் ‘பைரோமேனியா’ வந்து ஒரு கோடிப் பிரதிகளை நோக்கிப் போனபோது, அதன் ரசிகர்கள் பின்னோக்கி வந்து இதையும் வாங்கினார்கள்.

ஆகவே பிரதிகள் விற்றன, பேச்சுதான் சேரவில்லை. இதை ‘பைரோமேனியா’வுக்கான ஒத்திகை போல நடத்துகிறார்கள். நாங்கள் மறுப்பது அந்தப் பார்வையைத்தான்.

புரொடியூசர் மட் லேங் பெரிய ஆள்னு எல்லாரும் சொல்றாங்க. அவர் இதில் என்னதான் பண்ணார்?

ராபர்ட் ஜான் ‘மட்’ லேங் அப்போது ஏசி/டிசியின் ‘ஹைவே டு ஹெல்’ (1979), ‘பேக் இன் பிளாக்’ (1980) இரண்டையும் முடித்திருந்தார். ஃபாரினரின் ‘4’ வேலை இழுத்துக்கொண்டே போனதால், அவருக்காக டெஃப் லெப்பர்ட் காத்திருக்க வேண்டியிருந்தது. முதல் ஆல்பத்தைத் தயாரித்தவர் டாம் ஆலம். அது ஏறக்குறைய மேடையில் வாசித்ததை அப்படியே பதிந்த ஆல்பம். லேங் வந்ததும் பாட்டுகளைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்ட வைத்தார். ‘வென் த ரெயின் ஃபால்ஸ்’ என்ற பழைய பாட்டு ‘லெட் இட் கோ’ ஆனது அப்படித்தான். ‘எ சர்ட்டன் ஹார்ட்டேக்’ என்று இருந்தது ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ ஆனது.

காதில் விழும் மாற்றம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று, ரிஃபுகளுக்கு (திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் துண்டுகளுக்கு) நடுவே இடைவெளி. முதல் ஆல்பத்தில் ஐந்து பேரும் எல்லா இடத்தையும் நிரப்பிக்கொண்டே இருப்பார்கள். இதில் கிட்டார் நின்றால் நின்றதுதான், டிரம்ஸ் மட்டும் கேட்கும். இரண்டாவது, கோரஸில் அடுக்கிய குரல்கள். மூன்றாவது ஜோ எலியட்டின் குரல். அவரை வழக்கமான எல்லைக்கு மேலே தள்ளிப் பாட வைத்திருக்கிறார்கள். கீறல் விழுந்த அந்த உச்சக் குரல் பிற்கால ஆல்பங்களில் மெருகேறி மறைந்துவிட்டது.

அப்படின்னா ‘பைரோமேனியா’வும் இவர் தயாரிச்சதுதானே. இதில் மட்டும் என்ன தனிச் சிறப்பு?

இந்தப் பக்கத்தில் நாங்கள் முக்கியமாகச் சொல்ல வருவது இதற்கான பதில்தான். லேங்கின் கண்டிப்பும், ஐந்து பேர் ஒரே அறையில் நின்று வாசிக்கும் பேண்டின் உடம்பும் சேர்ந்திருப்பது ‘ஹை அண்ட் டிரை’யில் மட்டும்தான்.

‘பைரோமேனியா’வின் டிரம்ஸ் பெரும்பாலும் ஃபேர்லைட் என்ற கணினி இசைக் கருவியில் பதிந்த ஒலிகளைக் கொண்டு கட்டியது. 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் ரிக் ஆலன் இடது கையை இழந்தார். அதன் பிறகு அவர் கால் மிதிகளும் மின்னணு டிரம்ஸும் சேர்ந்த புதிய அமைப்பில் வாசித்தது தனிப் பெரிய கதை. அந்த மன உறுதிக்கு ஈடு இல்லை. ஆனால் அவர் இரண்டு கையாலும் சாதாரண டிரம்ஸில் அடித்ததை லேங்கின் பதிவில் ஆல்பம் முழுக்கக் கேட்க வேண்டுமென்றால் இதை விட்டால் வேறு வழியில்லை. ‘லெட் இட் கோ’வில் ஸ்னேர் (கூர்மையாக ஒலிக்கும் சிறிய டிரம்) விழும் விதத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு அடியும் துளித் துளி வேறாக இருக்கும்.

பாட்டெழுதியவர்கள் பட்டியலையும் பாருங்கள். ‘பைரோமேனியா’வின் எல்லாப் பாட்டிலும் லேங்கின் பெயர் இருக்கிறது. இதில் ஒரு பாட்டில்கூட இல்லை. பாட்டு முழுக்க பேண்டுடையது, கட்டுமானம் மட்டும் அவருடையது. காலக்கணக்கும் இதையே சொல்லும்: இதற்குச் சில மாதங்கள், ‘பைரோமேனியா’வுக்கு ஏறக்குறைய ஒரு வருடம், ‘ஹிஸ்டீரியா’வுக்கு மூன்று வருடம். வருடம் கூடக்கூட அறை காணாமல் போய் ஸ்டுடியோ மட்டும் மிஞ்சியது.

நான் இதுவரை கேட்டதே இல்லை. எங்கிருந்து ஆரம்பிக்கணும்?

முதல் பக்கத்தின் ஐந்து டிராக்கையும் ஒரே மூச்சில் கேளுங்கள். 21 நிமிடம்கூட ஆகாது. ஒரு நல்ல பக்கத்தை எப்படி அடுக்குவது என்பதற்கு அந்தக் கால ராக் ஆல்பங்களில் இதைவிடச் சிறந்த உதாரணம் குறைவு. நடை வேகமான மூன்று பாட்டு, பிறகு மெதுவாகத் தொடங்கி எரியும் ஒன்று, அது அணையாமல் வார்த்தையே இல்லாத வாத்திய இசையில் போய் முடியும்.

ஷஃபிளை அணைத்துவிடுங்கள். இது வழக்கமான அறிவுரை போலத் தோன்றலாம். இந்த ஆல்பத்தில் கட்டாயம். ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ முடியாமலே ‘ஸ்விட்ச் 625’க்குள் நுழைகிறது. ஷஃபிளில் ஒரு பாட்டு வெட்டுப்பட்டு நிற்கும், மற்றது தலையில்லாமல் தொடங்கும். உங்கள் செயலியில் இடைவெளியில்லாமல் இசைக்கும் வசதி இருந்தால் அதைப் போடுங்கள். பாட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று மங்கவைக்கும் கிராஸ்ஃபேடை மட்டும் பூஜ்யத்தில் வையுங்கள். இல்லாவிட்டால் அந்த இணைப்பு குழைந்துபோகும்.

இரண்டாம் பக்கம் சொத்தைன்னு சொல்றாங்களே?

முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எதுவும் கொஞ்சம் மங்கலாகத்தான் தெரியும். ‘யூ காட் மீ ரன்னிங்’ சுமார் ரகம். ‘ஆன் த்ரூ த நைட்’ தேவைக்கு மேல் நீளம். ஐந்து நிமிடத்துக்கும் அதிகம். இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘லேடி ஸ்ட்ரேஞ்ச்’ கிளார்க்கும் வில்லிஸும் ஒருவரை ஒருவர் துரத்தும் இடம். ‘மிரர், மிரர்’ இந்த பேண்டிடம் இருந்து வந்த இருண்ட பாட்டுகளில் ஒன்று; நடுத்தர வேகம், அடியில் மிரட்டிக்கொண்டே வரும் ரிஃப், பாட்டு நெடுக ஒரு அழுத்தம். அந்தத் திசையில் அவர்கள் அதிகம் போகவில்லை என்பது எங்களுக்குப் பெரிய வருத்தம்.

‘ஆன் த்ரூ த நைட்’ முதல் ஆல்பத்தோட பேராச்சே? அந்தப் பாட்டு இதில் எப்படி வந்தது?

தவறு எதுவும் இல்லை. 1980-இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயர் அதுதான். அந்தப் பெயரில் பாட்டு அதில் கிடையாது. அடுத்த ஆல்பமான இதில்தான் வந்தது. லெட் செப்பலினின் ‘ஹவுசஸ் ஆஃப் த ஹோலி’, குயீனின் ‘ஷீர் ஹார்ட் அட்டாக்’ இரண்டிலும் இதே நடந்திருக்கிறது: ஆல்பம் முதலில், அதே பெயர்ப் பாட்டு பின்னால் வேறு ஆல்பத்தில்.

ஃபில் காலன் வாசிச்சிருக்காரா இல்லையா? வீடியோவில் பார்த்தேனே!

வாசிக்கவில்லை. இரண்டாவது கிட்டார் முழுக்க பீட் வில்லிஸ். குடிப்பழக்கம் முற்றியதால் 1982 ஜூலையில், ‘பைரோமேனியா’ பதிவு நடந்துகொண்டிருந்தபோது, அவரை விலக்கினார்கள். அவருக்குப் பதில் கிட்டார் வாசிக்கக் காலன் அப்போதுதான் வந்தார். வில்லிஸ் அதற்குள் பதிந்திருந்த ரிதம் கிட்டார் ‘பைரோமேனியா’விலும் இருக்கிறது.

குழப்பத்துக்குக் காரணம், ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ பாட்டுக்கு இரண்டு வீடியோ இருப்பது. முதலாவது 1981 ஜூலையில் லிவர்பூல் ராயல் கோர்ட் அரங்கில் எடுத்த மேடைக் காட்சி. அதில் வில்லிஸ் இருப்பார். ‘லெட் இட் கோ’, ‘ஹை அண்ட் டிரை’ வீடியோக்களும் அன்று எடுத்தவைதான். 1984-இல் பாட்டை ரீமிக்ஸ் செய்து (பதிவின் ஒலிகளைப் புதிதாகக் கலந்து) வெளியிட்டபோது புது வீடியோ எடுத்தார்கள். அதில் காலன் இருக்கிறார். நீங்கள் பார்த்தது அதுவாக இருக்கும்.

வில்லிஸின் பங்கைக் குறைத்து மதிப்பிடாதீர்கள். ‘லெட் இட் கோ’, ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’, ‘லேடி ஸ்ட்ரேஞ்ச்’, ‘நோ நோ நோ’ எல்லாவற்றிலும் எழுதியவர்களில் ஒருவர் அவர். 2019-இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் பேண்டைச் சேர்த்தபோது அவர் பெயரையும் சேர்த்தார்கள். அது அவருக்கு உரியது.

என்கிட்ட இருக்கிற சிடியில் 12 டிராக் இருக்கு. எது அசல்?

பத்து டிராக் இருந்தால் 1981-இன் வடிவம். பன்னிரண்டு இருந்தால் 1984 மறுவெளியீட்டின் வடிவம். சேர்ந்த இரண்டும் ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ ரீமிக்ஸும் ‘மீ அண்ட் மை வைன்’ என்ற பாட்டும். பின்னது 1981-இல் ‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ சிங்கிளின் (தனிப் பாட்டாக வந்த சிறு தட்டின்) பின்பக்கத்தில் வந்தது. மறுவெளியீட்டில் அதையும் ரீமிக்ஸ் செய்திருக்கிறார்கள்.

பழைய எல்பி வாங்குபவர்கள் அட்டையின் முதுகில் எண்ணைப் பாருங்கள். பிரிட்டன் வெர்ட்டிகோவின் முதல் பதிப்பு 6359 045. அமெரிக்க மெர்க்குரியின் முதல் பதிப்பு எஸ்ஆர்எம்-1-4021. எண் 818 836 என்று தொடங்கினால் அது 1984-இன் பன்னிரண்டு டிராக் பதிப்பு. அசல் என்று சொல்லி அதற்கு அதிக விலை கேட்டால் கொடுக்காதீர்கள்.

அந்த ரீமிக்ஸ் நல்லா இருக்கா? ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

ரீமிக்ஸில் கீபோர்டு சேர்த்து, ‘பைரோமேனியா’ ரசிகர்களின் காதுக்குப் பழகிய வழவழப்பைப் பூசியிருக்கிறார்கள். வானொலிக்கான வேலை அது; அமெரிக்க சிங்கிள் பட்டியலில் 61-ஆம் இடம் வரை போனது. எங்கள் தேர்வு 1981 வடிவம்தான். கிட்டார் தந்திகளைத் தனித்தனியாக மீட்டும் தொடக்கத்தில் இருக்கும் வெறுமைதான் அந்தப் பாட்டின் உயிர். கீபோர்டு வந்ததும் அந்த வெறுமை போய்விடுகிறது.

நீங்களே ஒப்பிட வேண்டுமானால் ஒரு எச்சரிக்கை. சத்தம் கூடியது எதுவும் முதலில் கேட்க நன்றாகவே இருக்கும். செயலியின் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியைப் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கையால் இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு முதல் ஒரு நிமிடத்தை மட்டும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ரீமாஸ்டர் பதிப்பையும் பழைய சிடியையும் ஒப்பிடும்போதும் இதே முறைதான்.

‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’ மரியா கேரி பாட்டு இல்லையா?

அவர் 2002-இல் வந்த ‘சார்ம்பிரேஸ்லெட்’ ஆல்பத்தில் பாடியது, இந்தப் பாட்டையே எடுத்துத் தன் குரலில் பாடியது. மூலம் இதுதான். எழுதியவர்கள் கிளார்க், வில்லிஸ், எலியட்.

என் எல்பியில் கடைசிப் பாட்டு முடியவே மாட்டேங்குது. தட்டு கெட்டுப்போச்சா?

கெடவில்லை. முதல் பதிப்புகளில் ‘நோ நோ நோ’வின் கடைசி “நோ”வை ஊசி சுற்றிக்கொண்டே இருக்கும் முடிவுப் பள்ளத்தில் வெட்டியிருக்கிறார்கள். நீங்கள் ஊசியைத் தூக்கும் வரை ஜோ எலியட் கத்திக்கொண்டே இருப்பார். கையைத் தானாகத் தூக்கிவிடும் டர்ன்டேபிளில் இது சில நொடிதான் கேட்கும், அல்லது கேட்கவே கேட்காது. கையால் இயக்கும் டர்ன்டேபிளில் போட்டுவிட்டுத் தூங்கிவிடாதீர்கள். ஊசிதான் வீணாகத் தேயும்.

நடுப் பாட்டு ஒன்றில் ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் அது வேறு விஷயம். கீறல் அல்லது அழுக்கு. முதலில் தட்டைச் சுத்தம் செய்து பாருங்கள்.

தலைப்புப் பாட்டைத் தடை செய்தாங்களாமே?

தடை இல்லை, பட்டியலில் வந்தது. 1985-இல் அமெரிக்காவில் பேரண்ட்ஸ் மியூசிக் ரிசோர்ஸ் சென்டர் என்ற அமைப்பு, பிள்ளைகளுக்கு ஆகாதவை என்று பதினைந்து பாட்டுகளைக் குறித்தது. ‘ஹை அண்ட் டிரை (சாட்டர்டே நைட்)’ அதில் ஒன்று. சொன்ன காரணம் மது. அந்த ஆண்டு செப்டம்பர் 19 அன்று செனட் குழு இது பற்றி விசாரணை நடத்தியது. ஆல்பங்களில் பெற்றோருக்கான எச்சரிக்கை வில்லை ஒட்டும் வழக்கம் இந்தச் சர்ச்சையில் இருந்து வந்ததுதான். சனிக்கிழமை இரவு குடித்துக் கும்மாளம் போடும் சாதாரணப் பாட்டு அது, வந்து நான்கு வருடமும் ஆகியிருந்தது.

அட்டையில் ஒருத்தர் தண்ணியே இல்லாத குளத்தில் குதிக்கிறாரே, யார் செய்தது?

ஹிப்னோசிஸ் நிறுவனம். பிங்க் ஃபிளாய்டின் அட்டைகளைச் செய்தவர்கள்தான். இதைச் சிறிய திரையில் பார்த்தால் பாதிதான் தெரியும். 12 அங்குல அட்டையில் பாருங்கள்.

கிட்டாரில் வாசிக்கப் பார்க்கிறேன். நோட்ஸ் சரியா இருக்கு, சவுண்டு மட்டும் வரவே இல்லை. ஏன்?

பெரும்பாலும் டிஸ்டார்ஷன் அதிகமாக வைத்திருப்பீர்கள். இந்த ஆல்பத்தின் கிட்டார் நினைவில் இருப்பதைவிடச் சுத்தமானது. கெயினை (டிஸ்டார்ஷன் அளவைக் கூட்டும் குமிழை) நீங்கள் வழக்கமாக வைக்கும் இடத்தில் இருந்து மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள், மிட்டை (நடுத்தர ஒலிகளை) கொஞ்சம் ஏற்றுங்கள், கோரஸ் எஃபெக்ட்டையும் ரிவெர்பையும் முழுக்க அணையுங்கள். பளபளக்கும் அந்த எஃபெக்ட் ஒலி ‘ஹிஸ்டீரியா’ காலத்துது. ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிட்டார், மார்ஷல் வகை ஆம்ப் போதும். கிளார்க்கின் கையில் பெரும்பாலும் இருந்தது கிப்சன் லெஸ் பால்.

இரண்டாவது காரணம் வலது கை. மேலே சொன்ன இடைவெளிகளில் தந்தியை உடனே அடக்க வேண்டும். ஒலி கசிந்தால் ரிஃப் தளர்ந்துவிடும். ‘லெட் இட் கோ’ ரிஃபை மெட்ரோனோமோடு பாதி வேகத்தில் எடுத்து, வாசிக்கும் இடத்தைவிட நிறுத்தும் இடத்தைச் சரிபாருங்கள். மூன்றாவது, இது இரண்டு பேரின் வேலை. இருவர் வாசிப்பதையும் ஒரே கையில் திணிக்கப் பார்த்தால் அடைத்துக்கொண்டு கேட்கும். ஹெட்போனில் ஒரு பக்கத்தை மட்டும் மாட்டிக் கேட்டு, ஒருவரின் பங்கை முழுதாகப் பிடியுங்கள். மற்றதை நண்பரிடம் கொடுங்கள்.

இப்போ எதில் கேட்கிறது நல்லது? ஸ்ட்ரீமிங்கில் கிடைக்குதா?

கிடைக்கிறது. ரெக்கார்டு நிறுவனத்தோடு இருந்த தகராறால் பேண்டின் பழைய ஆல்பங்கள் பல வருடம் இணையத்தில் முறையாகக் கிடைக்காமல் இருந்தன. 2018 ஜனவரியில் எல்லாம் வந்தன. ஒரு தலைமுறை இதைக் கேட்காமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னும் ஆழமாகப் போக நினைப்பவர்களுக்கு 2020-இல் வந்த ‘த எர்லி இயர்ஸ் 79–81’ என்ற ஐந்து சிடி பெட்டி. முதல் இரண்டு ஆல்பம், பிபிசி பதிவுகள், சிங்கிள்களின் பின்பக்கப் பாட்டுகள், ஆக்ஸ்ஃபோர்டில் 1980-இல் மேடையில் வாசித்தது எல்லாம் அதில் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டு சிடியை முதலில் கேட்டுவிட்டு ‘ஹை அண்ட் டிரை’யைப் போடுங்கள். லேங் எதைத் தொட்டார், எதைத் தொடாமல் விட்டார் என்பது அப்போது தெளிவாகத் தெரியும்.

மேடையில் இன்னும் இந்தப் பாட்டுகளை வாசிக்கிறாங்களா?

‘பிரிங்கிங் ஆன் த ஹார்ட்பிரேக்’கும் அதையொட்டி ‘ஸ்விட்ச் 625’உம் பல சுற்றுப்பயணங்களில் சேர்ந்தே வந்திருக்கின்றன. பின்னது ஸ்டீவ் கிளார்க் தனியாக எழுதியது. அவர் 1991 ஜனவரியில் 30 வயதில் இறந்துபோனார். 2013-இல் லாஸ் வேகஸில் ‘ஹிஸ்டீரியா’ முழுவதையும் வாசித்த நிகழ்ச்சிகளில், தங்களுக்குத் தாங்களே தொடக்க பேண்டாக ‘டெட் ஃபிளாட்பேர்ட்’ என்ற பெயரில் மேடையேறிப் பழைய பாட்டுகளை வாசித்தார்கள். இந்த ஆல்பத்தின் முதல் பக்கப் பாட்டுகள் அதில் வந்தன, ‘விவா! ஹிஸ்டீரியா’ நேரடிப் பதிவின் இரண்டாவது சிடியில் கேட்கலாம். காலன் வாசிக்கும் ‘லெட் இட் கோ’ எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கும் அதுவே பதில்.